மாடலரா, ட்யூப் ஆம்பா என்று முடிவெடுக்கும் முன்: கிட்டார் பதிவில் வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டு அறையிலேயே கிட்டார் பதிவு செய்கிறவர்கள் இன்று நிறையவே இருக்கிறார்கள். தேவாலயக் குழுக்களில் வாசிக்கும் இளைஞர்கள், திருவிழா மேடைகளுக்கு மெல்லிசைக் குழுவோடு போகிறவர்கள், ஓசூர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்து வந்து இரவில் வாசிக்கிறவர்கள் என்று பல வகை. பெரும்பாலோரிடம் இருப்பது டிஜிட்டல் மாடலர், அதாவது ஆம்ப், ஸ்பீக்கர், மைக் ஆகியவற்றின் ஒலியைக் கணக்கிட்டு உருவாக்கும் பெட்டி. சிலர் பெங்களூரில், வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் பழைய ட்யூப் ஆம்ப் ஒன்றை விலைபேசிப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். பதிவு சரியாக வராவிட்டால் முதல் கூட்டம் "மாடலர் என்றால் இவ்வளவுதான்" என்கிறது. இரண்டாம் கூட்டம் "ட்யூப் என்றால் கொஞ்சம் இரையத்தான் செய்யும்" என்கிறது. இரண்டையும் நான் நம்புவதில்லை. கோளாறு பெரும்பாலும் அந்தப் பெட்டிக்கு வெளியேதான் இருக்கும்: சுவரில் உள்ள பிளக்கில், கேபிளில், சிக்னல் அளவில், ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில். ஆகவே விற்பதற்கும் வாங்குவதற்கும் முன் காதில் என்ன விழுகிறது என்று பாருங்கள்.

தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் ப்ரீசெட்டையும் (மாடலரில் சேமித்த அமைப்பு) இன்டர்ஃபேஸையும் (கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒன்றாக மாற்றினால் கோளாறு தீரலாம், ஆனால் எது தீர்த்தது என்று தெரியாது. அடுத்த வாரம் அது திரும்பி வரும்.

விடாமல் 'ம்ம்ம்' என்று இரைகிறது

நம் ஊர்ப்பக்கம் முதலிடம் இதற்குத்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடித்தொண்டையில் முனகுவது போன்ற 50 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் எர்த் சுற்று, ஷீல்டு விட்டுப்போன கேபிள், அருகில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். அதைவிட ஒரு ஸ்தாயி மேலே, 100 ஹெர்ட்ஸில், கொஞ்சம் கரகரப்போடு கேட்டால் அது ட்யூப் ஆம்பின் பவர் சப்ளையில் வயதான மின்தேக்கிகளின் வேலையாக இருக்கலாம்.

முதலில் கிட்டாரின் வால்யூமைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சல் நின்றால் அது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் வழியே வருகிறது. நிற்கவில்லை என்றால் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அப்போதும் நிற்கவில்லையா, மாடலரின் அல்லது ஆம்பின் உள்ளீட்டிலிருந்து கேபிளையே எடுத்துவிடுங்கள். அதன் பிறகும் இரைந்தால்தான் பெட்டியின் மீது கை வைக்கலாம். இந்த வரிசையில் போனாலே பாதிப் பேருக்குப் பதில் கிடைத்துவிடும்.

பிக்கப் வழியே வருகிறது என்றால், வாசிக்கும் நிலையிலேயே மெல்லத் திரும்புங்கள். சிங்கிள் காயில் பிக்கப் உள்ள கிட்டார் என்றால் ஒரு திசையில் இரைச்சல் ஏறும், கால் வட்டம் திரும்பினால் இறங்கும். ஃபேன் ரெகுலேட்டர், பிரிட்ஜ், மலிவான எல்இடி பல்பு, லேப்டாப் சார்ஜர் ஆகியவற்றின் காந்தப்புலம் பிக்கப்பில் ஏறுகிறது. ஃபேனை நிறுத்திப் பாருங்கள். ரெகுலேட்டரில் இரண்டாம் எண்ணில் ஓடும் ஃபேன் முழு வேகத்தில் ஓடுவதைவிட அதிகம் தொல்லை தரும், எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின் அலையை நறுக்குவதுதான் காரணம். 1955-இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் ஹம்பக்கர் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டது இந்தத் தொல்லைக்காகத்தான். இரண்டு காயில்களை எதிரெதிராகச் சுற்றிப் புறத்திலிருந்து வரும் முனகலை அவை ஒன்றையொன்று அழிக்கும்படி செய்தார். உங்கள் கிட்டாரில் ஹம்பக்கர் இருந்தால் அதைக் கொண்டு ஒருமுறை பதிவு செய்து ஒப்பிடுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஆம்புக்கு முன்னால் நுழைந்த முனகலை மாடலரும் பெருக்கும், ட்யூபும் பெருக்கும். கெயினை (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றினால் இரண்டிலும் ஏறும். மாடலரை மாற்றி ட்யூப் வாங்கினாலும் அதே முனகல் அதே சுவரிலிருந்து வந்து சேரும். மெல்லிய ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போடுவது வாசிக்காத இடைவெளியில் மட்டும் அதை மறைக்கும். நீண்டு அடங்க வேண்டிய சுரத்தின் வாலை வேறு வெட்டிவிடும்.

இனி எர்த். லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுருக்கென்கிறதா? சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் இரைச்சல் நிற்கிறதா? அப்படியானால் உங்கள் வீட்டு எர்த் பெயரளவில்தான் இருக்கக்கூடும். கிருஷ்ணகிரிப் பக்கம் இது சாதாரணம். பல ஊர்களில் ஓரடி இரண்டடி தோண்டினாலே பாறை. கிரானைட் வெட்டி ஏற்றுமதி செய்யும் பூமி அல்லவா. காய்ந்த செம்மண்ணும் பாறையும் மின்சாரத்தை எளிதில் உள்ளே விடாது. கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, குழாய் இறக்கி எர்த் குழி எடுத்திருப்பார்கள். வீடு கட்டிய அன்றோடு அதை எல்லோரும் மறந்துவிடுவார்கள். மேலே துளசி மாடம் வைத்த வீட்டைக்கூடப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் எர்த் நன்றாகவே இருந்தது, தினம் தண்ணீர் ஊற்றினார்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் மூன்று அளவுகளைப் பாருங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். கடைசி அளவு பத்து, இருபது என்று காட்டினால் கோளாறு இருக்கிறது. ஆனால் மீட்டர் நல்ல எண்களைக் காட்டியதாலேயே எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். மீட்டர் இழுப்பது மிகச் சொற்ப மின்சாரம், அந்த அளவுக்கு மோசமான எர்த்தும் தாக்குப்பிடிக்கும். சுமை வைத்துச் சோதிப்பது வயர்மேன் வேலை, அவரையே அழையுங்கள். அவர் வருவதற்குள் எர்த் குழியில் சில குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுநாள் பதிவு செய்து பாருங்கள். சித்திரை வைகாசியில் இரைந்து ஐப்பசி மழையில் தானாக அடங்கிய அறை என்றால் காரணம் இதுதான்.

மாடலர், லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் மூன்று பின் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுங்கள். ஒன்று ஹாலிலிருந்தும் மற்றொன்று படுக்கையறையிலிருந்தும் மின்சாரம் எடுத்தால் எர்த் இரண்டு வழியாக ஓடி வளையமாகும். அப்போதும் முனகினால் ஒலி கேபிளின் பாதையில் கிரவுண்ட் லிஃப்ட் (ஒலிப் பாதையின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் ஸ்விட்ச்) உள்ள டிஐ பாக்ஸை வையுங்கள். ட்யூப் ஆம்பின் மூன்றாவது பின்னை வெட்டி முனகலை நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு. முனகல் நிற்கும் என்பது உண்மைதான். அந்த ஆம்பின் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது என்பதும், உங்கள் கை உலோகக் கம்பிகளில் இருக்கிறது என்பதும் அதே அளவு உண்மை. வெட்டாதீர்கள்.

முனகலுக்குப் பதிலாகக் கீச்சென்று மெல்லிய விசில் கேட்டால் அது வேறு கதை. யுஎஸ்பி வழியே மின்சாரம் எடுக்கும் பெட்டிகளில் 1 கிலோஹெர்ட்ஸிலும் 8 கிலோஹெர்ட்ஸிலும் இப்படி ஒலிக்கும், அது யுஎஸ்பி தரவு அனுப்பும் தாளம். அடாப்டர் போட முடிந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப்.

டிஸ்டார்ஷன் போட்டால் வண்டு ரீங்கரிப்பது போல் பிசிறுகிறது

ஸ்பீக்கர் இல்லை. அநேகமாக அவ்வளவுதான்.

கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் வீட்டு ஸ்டீரியோ ஸ்பீக்கர் போன்றதல்ல. செலஷன் நிறுவனத்தின் கிரீன்பேக் ஸ்பீக்கருக்கு அவர்களே தரும் எல்லை 75 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேல் செங்குத்தாக இறங்கிவிடும். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் கூர்மையான பிசிறல்கள் எல்லாம் அந்த எல்லைக்கு மேலே இருக்கின்றன, ஸ்பீக்கர் அவற்றை விழுங்கிவிடுகிறது. மாடலரில் ஆம்ப் பிளாக்கை மட்டும் வைத்துக் கேப் பிளாக்கை (ஸ்பீக்கர் பெட்டியின் வேலையைச் செய்யும் பகுதி) அணைத்துவிட்டால், அல்லது ஐஆர் கோப்பு (ஒரு ஸ்பீக்கரின் ஒலி இயல்பை அளந்து பதிந்த கோப்பு) ஏற்றாமல் விட்டால், அந்தப் பிசிறல் முழுவதும் நேராகப் பதிவுக்குப் போகும். ட்யூப் ஆம்பின் லைன் அவுட்டிலிருந்து நேராக இன்டர்ஃபேஸுக்குள் சொருகினாலும் இதே விளைவுதான். ஆகவே இது டிஜிட்டல் நோய் கிடையாது.

எதிர்த்திசையிலும் ஒரு கோளாறு உண்டு. ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மூடிக்கிடந்தால் கேப் இரண்டு தடவை போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். மாடலரில் ஒன்று, ரெக்கார்டிங் மென்பொருளில் இன்னொன்று. இணையத்தில் இறக்கிய ப்ரீசெட்களில் இது அடிக்கடி நடக்கும்.

கேப் சரியாக இருந்தும் பிசிறல் மிச்சமிருந்தால் 7,000 ஹெர்ட்ஸ் அருகே ஹை கட், 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் அருகே லோ கட் போடுங்கள். இப்படி வெட்டுவது ஏமாற்று வேலை ஆகாது. மைக் வைத்துப் பதிவான ட்யூப் ஆம்பையும் மிக்ஸிங்கில் இதே போலத்தான் வெட்டுகிறார்கள்.

தனியாகக் கேட்டால் அபாரம், பாட்டோடு சேர்த்தால் காணாமல் போகிறது

இது தொழில்நுட்பக் கோளாறைவிட எதிர்பார்ப்புக் கோளாறு. மாடலர், ட்யூப் ஆம்ப் சர்ச்சையில் பாதி இதன் மேல்தான் நிற்கிறது.

அறையில் ஒரு ட்யூப் ஆம்ப் முன் நின்று வாசிக்கும்போது கேட்பது ஒன்று. அதே ஆம்பின் முன் மைக் வைத்து, பதிவு செய்து, அடுத்த அறையில் ஸ்பீக்கரில் கேட்பது இன்னொன்று. முதலாவதில் ஸ்பீக்கர் காற்றைத் தள்ளுவது கால்சட்டையில் தெரியும், தரை அதிரும், கிட்டார் உடலே திரும்பி அதிர்ந்து சுரத்தை நீட்டும். இரண்டாவதில் அவை எதுவும் இல்லை. மாடலர் உங்களுக்குத் தருவது இரண்டாவதை. நீங்கள் அதை முதலாவதோடு ஒப்பிட்டு ஏமாறுகிறீர்கள். நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால் மைக் வைத்துப் பதிவான ட்யூப் ஆம்பையும் மாடலரையும் ஒரே ஸ்பீக்கரில், ஒரே சத்த அளவில், எது எது என்று பார்க்காமல் கேட்க வேண்டும். கொஞ்சம் சத்தம் கூடுதலாக இருப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும், ஆகவே அளவைச் சமப்படுத்தாத ஒப்பீடு செல்லாது. 1998-இல் வந்த லைன் 6 நிறுவனத்தின் 'பாட்' என்ற மாடலரில் வித்தியாசத்தை யாரும் சொல்லிவிடலாம். 2011-இல் வந்த கெம்பர் என்ற மாடலருக்குப் பிறகு, பாட்டுக்கு நடுவே வைத்துக் கேட்டுச் சொல்கிறவர்கள் வெகு சிலரே. நான் சொல்ல மாட்டேன்.

சத்தத்தைக் குறைத்து ஹெட்போனில் ப்ரீசெட் அமைக்கும் வழக்கத்தையும் கவனியுங்கள். மெல்லிய சத்தத்தில் நம் காது அடி ஒலியையும் உச்ச ஒலியையும் குறைவாகக் கேட்கும். 1933-இலேயே ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து வரைந்து காட்டிய விஷயம் இது. வீட்டில் எல்லோரும் தூங்கிய பின் ஹெட்போனில் உட்கார்ந்து பேஸும் ட்ரெபிளும் ஏற்றி அமைத்தது, ஞாயிறு காலை தேவாலயத்தின் ஸ்பீக்கரில் அடியில் குமுறி மேலே கீறும். நடுவில், கிட்டார் வாழ வேண்டிய 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தில், பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தில்தான் உங்கள் கிட்டார் காணாமல் போகிறது. அந்த இடத்தில் கீபோர்டும் பாடுகிறவர் குரலும் உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அமையுங்கள். மிட் ஏற்றுங்கள், தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவது போல் இருக்கும் அளவுக்குக்கூட. கெயினைக் குறையுங்கள். ஒரே பகுதியை இரண்டு முறை வாசித்து இடம் வலமாக வைக்கப்போகிறீர்கள் என்றால் இன்னும் குறையுங்கள், இரண்டும் சேரும்போது தடிமன் தானாக வரும். ரிவெர்ப் கடைசியில். இந்த நான்கையும் செய்தும் கிட்டார் எழவில்லை என்றால் கீபோர்டு வாசிக்கிறவரின் இடது கையிடம் பேசிப் பாருங்கள்.

வாசித்த பிறகு ஒலி வருகிறது

தாமதம். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரே தடவையில் சேர்த்து எடுக்கும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 256 என்றால் உள்ளே வர 5.3 மில்லி விநாடி, வெளியே போக அதே அளவு, மற்றவை சேர்த்து 11, 12 ஆகும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி எடுக்கிறது. எனவே அது நான்கு மீட்டர் தள்ளி நிற்கும் ஆம்பைக் கேட்பதற்குச் சமம். மேடையில் அப்படி வாசித்திருப்பீர்கள், தொந்தரவு தெரிந்திருக்காது. 512, 1024 என்று போனால்தான் விரல் தடுமாறும். பதிவின்போது 64 அல்லது 128, மிக்ஸிங்கின்போது 1024. இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஆசியோ டிரைவரையே போடுங்கள், பொதுவான டிரைவர் அவசரத்துக்கு மட்டும்.

தனி மாடலர் பெட்டியாக இருந்தால் கணினியைச் சுற்றிவரத் தேவையே இல்லை. பெட்டியிலேயே ஹெட்போன் சொருகிக் கேளுங்கள், மென்பொருளில் மானிட்டரை அணைத்துவிடுங்கள். இரண்டும் திறந்திருந்தால் ஒவ்வொரு சுரமும் இரட்டையாக, குழாய்க்குள் இருந்து வருவது போல் கேட்கும்.

புளூடூத் ஹெட்போனைக் கழற்றுங்கள். அதன் தாமதம் நூறு மில்லி விநாடியைத் தாண்டும், எந்த அமைப்பும் அதைச் சரிசெய்யாது.

பதிவைப் போட்டால் சுருதி இறங்கி இழுக்கிறது

மாடலர் 48 கிலோஹெர்ட்ஸில் அனுப்புகிறது, ப்ராஜெக்ட் 44.1-இல் இருக்கிறது. சுருதி ஏறக்குறைய ஒன்றரை ஃப்ரெட் இறங்கும். இரண்டையும் 48-க்குக் கொண்டுவாருங்கள்.

சுத்தமான தொனியில்கூட வெடிக்கிறது, அல்லது உயிரே இல்லாமல் மங்கிக் கிடக்கிறது

வெடித்தால், எங்கே வெடிக்கிறது என்று பாருங்கள். டிஜிட்டலில் சுழிய டெசிபெல்லுக்கு மேல் இடமில்லை. ட்யூப் உள்ளீட்டை அழுத்தினால் கனியும், ஒலியை எண்களாக்கும் கன்வெர்ட்டரை அழுத்தினால் உடையும். நீங்கள் வாசிக்கும் மிகப் பலமான கார்டு மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்கட்டும். 24 பிட் பதிவில் அளவு குறைந்ததால் எதுவும் கெட்டுப்போகாது. மாடலரின் லைன் அவுட்டை இன்டர்ஃபேஸின் மைக் உள்ளீட்டில் சொருகியிருந்தால் லைன் உள்ளீட்டுக்கு மாற்றுங்கள்.

மங்கினால் எதிர்ப் பிழை. கிட்டாரை லைன் உள்ளீட்டில் சொருகியிருப்பீர்கள். பிக்கப்புக்கு 1 மெகாஓம் எதிர்ப்பு உள்ள உள்ளீடு வேண்டும், லைன் உள்ளீட்டில் இருப்பது பத்தாயிரம் ஓம் அளவுதான். பிக்கப்பின் உச்ச ஒலி அதில் அமுங்கிவிடும். இன்ஸ்ட்ரூமென்ட் பட்டனை அழுத்துங்கள். நீளமான மலிவுக் கேபிளும் இதையே செய்யும். மீட்டருக்கு நூறு பிகோஃபேரட் என்று வைத்தாலும் பத்து மீட்டர் கேபிள் உங்கள் டோன் குமிழைத் திருகியதற்குச் சமம். அறைக்குள் பதிவு செய்ய மூன்று மீட்டர் போதும்.

ட்யூப் ஆம்ப் காலையில் ஒரு மாதிரி, மாலையில் ஒரு மாதிரி

ஆம்ப் மாறவில்லை, மின்சாரம் மாறுகிறது. கிராமத்து வீடு, சுற்றிலும் தோட்டம், ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் ஒன்றாக ஓடும் நேரம் என்றால் 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 நிற்கும். ட்யூபின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும். 200-இல் அது 5.5 ஆகிறது. 450 வோல்ட்டில் ஓட வேண்டிய பிளேட் (ட்யூபுக்குள் இருக்கும் உலோகத் தகடு) 390-க்கு வருகிறது. ஒலி தளர்ந்து, அடி குழைந்து, சீக்கிரமே உடையும். சில வகை வாசிப்புக்கு அந்தத் தளர்ச்சி இனிமை என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் காலையில் வாசித்த முதல் சரணமும் மாலையில் வாசித்த இரண்டாவது சரணமும் ஒட்டாது. மாடலரின் அடாப்டர் ஸ்விட்சிங் வகை என்றால் 100 முதல் 240 வோல்ட் வரை எது கொடுத்தாலும் அதற்குத் தெரியாது. மாமரங்களுக்கு நடுவே வீடு வைத்திருக்கிறவருக்கு மாடலரைச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

ஆம்பைத்தான் வைத்துக்கொள்வேன் என்றால் சர்வோ ஸ்டெபிலைசர் வாங்குங்கள். ரிலே வகை படிப்படியாகத் தாவும், ஒவ்வொரு தாவலும் பதிவில் 'டிக்' என்று விழும். அமெரிக்காவிலிருந்து யாரேனும் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்ப் என்றால் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகிப் பார்க்கவே வேண்டாம். கரண்ட் போன நேரத்தில் சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் பழைய முனகலும் ரீங்காரமும் எல்லாம் ஒன்றாக வந்து சேரும். சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பரவாயில்லை.

தட்டினால் 'டிங்' என்று ஒலிக்கும் ட்யூப் மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது. ஆம்பை ஓடவிட்டு, வால்யூமைக் குறைவாக வைத்து, பென்சிலின் ரப்பர் முனையால் சிறிய 12ஏஎக்ஸ்7 ட்யூப்களை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். குற்றவாளி தானே கத்திக் காட்டிக்கொடுப்பான். அதை மாற்றிவிடலாம். இஎல்34, 6எல்6 போன்ற பெரிய ட்யூப்களின் பிளேட் சிவந்து ஒளிர்ந்தால் உடனே அணையுங்கள். பயாஸ் (வாசிக்காதபோது ட்யூப் இழுக்கும் மின்சாரத்தின் அளவு) பார்ப்பது டெக்னீஷியன் வேலை, அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் உயிரை எடுக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஸ்பீக்கரோ, ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்பின் சக்தியை வாங்கிக்கொள்ளும் லோட் பாக்ஸோ இணைக்காமல் ட்யூப் ஆம்பை ஒருபோதும் ஓட்டாதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் மாற்றக் கிடைப்பதே கஷ்டம்.

அக்கம்பக்கம் சண்டைக்கு வருகிறது, சத்தம் குறைத்தால் தொனி போய்விடுகிறது

50 வாட் ஆம்புக்குப் பதில் 5 வாட் வாங்கினால் சத்தம் பத்தில் ஒன்றாகும் என்று கணக்குப் போடுகிறார்கள். காதுக்கு அது பாதியாகத்தான் தெரியும். தெரு வீட்டில் 5 வாட்டும் முழு வால்யூமில் அதிகம்தான். லோட் பாக்ஸ் வைத்து ஸ்பீக்கரை விலக்கிவிட்டு ஐஆர் போட்டுப் பதிவு செய்வது ஒரு வழி, ஸ்பீக்கரின் மின்தடை ஏறி இறங்குவதைப் போலச் செய்யும் ரியாக்டிவ் வகையாக இருந்தால் கைக்கு நன்றாக இருக்கும். செலவு ஒரு நல்ல மாடலரின் விலையைத் தொடும். அந்த இடத்தில் நின்று ஒரு கணம் யோசியுங்கள்.

மைக் வைத்தால் ஒன்று கீறுகிறது, இல்லை மந்தமாகிறது

ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்57 மைக் 1965 முதல் இந்த வேலையைச் செய்துவருகிறது. மைக்கைக் குறை சொல்வதற்கு முன் அதை நகர்த்துங்கள். அறை விளக்கை அணைத்து, டார்ச் ஒன்றைச் சாய்த்து ஸ்பீக்கர் துணியின் மேல் அடியுங்கள். துணிக்குப் பின்னால் கூம்பும் நடுவில் வட்டமான மூடியும் நிழலாகத் தெரியும். அந்த மூடியின் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே துணியின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். மைக்கின் நுனி துணியிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, டேப்புக்கு நேராக நிற்கட்டும். இப்போது ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கிட்டாரைத் தொடாமல், கெயினை ஏற்றி ஆம்பின் இயல்பான 'ஸ்ஸ்' ஒலியை மட்டும் கேட்டபடி மைக்கை மெல்ல நகர்த்துங்கள். நடுவை நோக்கிப் போகும்போது அந்த ஸ்ஸ் கூர்மையாகும், விளிம்பை நோக்கிப் போகும்போது தணிந்து வெதுவெதுப்பாகும். ஒரு சென்டிமீட்டருக்கே வித்தியாசம் தெரியும். ஈக்யூ குமிழைத் திருகி அடைய முடியாத இடம் அந்த ஒரு சென்டிமீட்டரில் கிடைக்கும். மாடலரில் கேப் பிளாக்கின் மைக் படத்தை நகர்த்துவது இதே செயல்தான். அதையும் நகர்த்தாமலே ஈக்யூவோடு மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு.

ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி நாற்காலியில் வையுங்கள், அடிக்குமுறல் குறையும். சிமென்ட் பூச்சும் கிரானைட் தரையும் கான்கிரீட் கூரையுமாக இருக்கும் நம் அறைகள் கொட்டும் எதிரொலிக்கு ஜமக்காளமும் மெத்தையும் ஆம்பைச் சுற்றிப் போதும்.

இரண்டு மைக் வைத்ததும் ஒலி மெலிந்துபோனால் தூர வித்தியாசத்தை அளந்து பாருங்கள். ஒன்று மற்றதைவிட 17 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால் அரை மில்லி விநாடி தாமதம், 1,000 ஹெர்ட்ஸில் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். கிட்டாரின் நெஞ்சுப் பகுதியே அதுதான். இரண்டையும் ஒரே தூரத்தில் வையுங்கள், அல்லது ஒன்றை எடுத்துவிடுங்கள். நான் எடுத்துவிடுவேன்.

கேப்சர் ஒலி நன்றாக இருந்தது, கெயினைத் திருகியதும் பொய்யாகிவிட்டது

நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச மென்பொருளிலும் இன்னும் சில பெட்டிகளிலும் ஓடும் கேப்சர்கள், ஓர் ஆம்ப் குறிப்பிட்ட ஒரு குமிழ் நிலையில் எப்படி ஒலித்தது என்பதைக் கற்றுக்கொண்டவை. அந்த நிலையில் அவை மிக நெருக்கம். குமிழைத் திருகினால் அந்த ஆம்ப் எப்படி மாறும் என்பது அவற்றுக்குத் தெரியாது, நீங்கள் திருகுவது உள்ளே போகும் அளவை மட்டும்தான். குறைந்த கெயின், நடுத்தரம், அதிகம் என்று அதே ஆம்பின் தனித்தனிக் கேப்சர்களைத் தேடி மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி, ஆனாலும் விரலுக்கு ஒத்துவரவில்லை

இதை மட்டும் நான் மறுக்க மாட்டேன். ட்யூப் ஆம்பை உரக்க வைத்து வாசிக்கும்போது பவர் சப்ளை ஒரு கணம் தளர்ந்து மீண்டும் எழும். பலமாக மீட்டினால் சுரம் முதலில் பின்வாங்கி அப்புறம் மலரும். கிட்டாரின் வால்யூமை ஏழுக்கு இறக்கினால் அழுக்கு கழுவப்பட்டுத் தெளியும். நல்ல மாடலர்களில் இதற்கும் அமைப்பு உண்டு, சாக் என்றோ பயாஸ் என்றோ பெயரிட்டிருப்பார்கள். அதை நடுவுக்குமேல் ஏற்றுங்கள், மாஸ்டர் வால்யூமையும் ஏற்றி ப்ரீஆம்ப் கெயினைக் குறையுங்கள். உள்ளீட்டு அளவையும் சரிபாருங்கள். மென்பொருள் மாடலர்களில் இன்டர்ஃபேஸின் கெயின் தாறுமாறாக இருந்தால் தொடு உணர்வு முழுவதும் போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ட்யூப்தான் வேண்டும் என்றால் ஆம்பை வீட்டுக்குக் கொண்டுவரத் தேவையில்லை. எந்த எஃபெக்டும் படாத நேரடிக் கிட்டார் தடத்தைத் தனியாக, மாடலர் தடத்தோடு சேர்த்தே பதிவு செய்து வையுங்கள். பெரும்பாலான மாடலர்கள் யுஎஸ்பியில் இரண்டையும் ஒரே நேரத்தில் அனுப்பும். மாடலர் ஒலியைக் கேட்டுக்கொண்டு வாசியுங்கள். பிறகு அந்த வெறும் தடத்தை, ட்யூப் ஆம்பும் நல்ல மின்சாரமும் உள்ள ஒரு பெங்களூர் ஸ்டுடியோவுக்கு அனுப்பினால், அவர்கள் ரீஆம்ப் பாக்ஸ் வழியாக அதை ஆம்புக்குள் விட்டு மைக் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். ஓசூர்க்காரர்கள் நேரிலேயே போய் உட்கார்ந்து குமிழ்களைத் திருகச் சொல்லலாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் மைனஸ் 12 டெசிபெல், பாட்டின் தொடக்கத்திலிருந்தே வெட்டாத கோப்பு, கூடவே பாட்டின் வேகம், உங்கள் மாடலர் ஒலியின் ஒரு மாதிரி. நாய்ஸ் கேட் போட்ட தடத்தை அனுப்பாதீர்கள், அவர்கள் அதைக் கழற்ற முடியாது.